மூன்றாவது மாடி பால்கனியும் ஏழு மெகாஹெர்ட்ஸும்

நீங்கள் கேட்டிருப்பது இது: சென்னையில், தரைத்தளம் போக ஐந்து மாடி உள்ள அடுக்ககத்தில் மூன்றாவது மாடி வீடு. மேற்குப் பார்த்த பால்கனி, பத்தடி நீளம், நாலடி அகலம், முன்பக்கம் இடுப்பளவு இரும்பு கிரில். மொட்டை மாடியில் நிரந்தரமாக எதையும் நடக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் வந்துவிட்டது, ஹெச்எஃப் ரிக்கும், அதாவது சிற்றலையில் அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவியும், வாங்கியாகிவிட்டது. கடையில் "எல்லா பேண்டிலும் வேலை செய்யும்" என்று இரண்டு மீட்டர் உயர விப் (நிமிர்ந்து நிற்கும் கம்பி ஆன்டெனா) ஒன்றைக் காட்டுகிறார்கள்; பேண்ட் என்பது ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைப் பகுதி. இன்னொரு பக்கம் மேக்னெடிக் லூப் என்ற வளைய ஆன்டெனாவை ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். இரண்டில் எதை வாங்கலாம், கூடவே ஆன்டெனாவை ரிக்கோடு பொருத்தித் தரும் ட்யூனர் ஒன்றும் வேண்டுமா என்பது கேள்வி. வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உள்ளே இருப்பது வேறு: இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு யாரிடமாவது உருப்படியாகப் பேச முடியுமா, அதற்கு எதை விட்டுக்கொடுக்க வேண்டும்? பேச முடியும். எல்லா பேண்டிலும் முடியாது. விப், லூப் இரண்டையுமே இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பது என் பதில். அடுக்கக வீடுகளில் ஒயர் கட்டியும் மற்றவர்களுக்குக் கட்டிக் கொடுத்தும் பழகியவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அரை அலை நீள ஒயருக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்றால், 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் வந்துவிடும். 7.1க்கு 20 மீட்டர், 14.2க்கு 10 மீட்டர், 21.2க்கு 6.75, 28.5க்கு 5 மீட்டர். உங்கள் பால்கனி 3 மீட்டர். அதாவது 28 மெகாஹெர்ட்ஸ் டைபோல் (அரை அலை நீள ஒயர் ஆன்டெனா) கூட நேராகப் படுக்காது. நாற்பது மீட்டர் பேண்டைப் (அதாவது 7 மெகாஹெர்ட்ஸ்) பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த அளவுக்குக் கீழே போகும் எந்த ஆன்டெனாவும், காயில் சுற்றியோ, கெப்பாசிட்டர் வைத்தோ, நீளம் இருப்பதுபோல ரிக்கை நம்பவைக்கிறது. நம்பவைப்பது தப்பில்லை. அதற்கு விலை உண்டு, அந்த விலை பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்காது.

அந்த 2 மீட்டர் விப்பை 7 மெகாஹெர்ட்ஸில் எடுத்துக்கொள்வோம். அலை நீளம் 42 மீட்டர், கம்பி அதில் இருபதில் ஒரு பங்கு. இவ்வளவு குட்டையான கம்பியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது பவரை அலையாக வெளியே விடும் பங்கின் அளவு, ஒரு ஓம் பக்கம்தான் வரும். காயிலை நடுவில் வைத்தால் கொஞ்சம் கூடும். ஆனால் காயிலின் இழப்பு, கிரில்லையும் சுவரையும் தரையாகப் பயன்படுத்துவதால் வரும் இழப்பு எல்லாம் சேர்ந்து 15, 20 ஓம் ஆவது சாதாரணம். ரிக் அனுப்பும் பவரில் 5 சதவீதம் வெளியே போனால் பெரிது, மீதி காயிலையும் கான்கிரீட்டையும் சூடாக்கும். வேடிக்கை என்னவென்றால் ரிக்கும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (1.0 என்றால் முழுப் பொருத்தம்) அழகான எண்ணைக் காட்டலாம். இழப்பு அதிகமானால் எஸ்.டபிள்யூ.ஆர். நல்லதாகத்தான் தெரியும். பவரை வெறும் சூடாக மாற்றும் சோதனைத் தடையான டம்மி லோடுக்கு 1.0, அது யாரிடமும் பேசாது. ஆகவே எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருக்கிறது என்று யாராவது ஆன்டெனாவை விற்றால், அவர் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்காக மனம் உடைய வேண்டியதில்லை. 5 சதவீதம் என்பது 13 டெசிபெல் இழப்பு. ரிக்கின் சிக்னல் மீட்டரில் ஒரு படி, அதாவது ஒரு எஸ் யூனிட், 6 டெசிபெல் என்பதால், எதிர்முனையில் உங்கள் சிக்னல் எஸ்9லிருந்து எஸ்7க்குச் சற்றுக் கீழே இறங்கும், அவ்வளவுதான். அமைதியான கிராமத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது தாராளம். நகரத்தில் எஸ்7 இரைச்சலுக்குள் இருப்பவருக்கு நீங்கள் இல்லவே இல்லை. எஃப்டி8 (கணினி வழிச் செய்தி முறை), மோர்ஸ் (தந்திக் குறியீடு) போன்றவை இந்தப் பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்டும். குரலுக்கு அந்தச் சலுகை கிடையாது. விப் வாங்கியவர்களில் பாதிப்பேர் "அருமை" என்றும் பாதிப்பேர் "குப்பை" என்றும் சொல்வதற்கு இதுதான் காரணம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

சரி, அப்படியானால் எதிலிருந்து ஆரம்பிப்பது? யாரிடம் பேச ஆசை என்பதிலிருந்து. சென்னைக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் பேசுவதற்கு 145 மெகாஹெர்ட்ஸ் போதும். மதுரை, கோவை, நாகர்கோவில் என்று தமிழ்நாட்டுக்குள் பேச வேண்டுமானால் 7 மெகாஹெர்ட்ஸ், அதுவும் காலை நேரமும் சாயங்காலமும். ஐரோப்பா, ஜப்பான் என்றால் 14க்கு மேலே. இந்த மூன்றுக்கும் ஆன்டெனா வேறு, அலை வெளியேற வேண்டிய கோணமும் வேறு. மூன்றும் ஒன்றிலேயே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கடைசியில் அந்த விப்பில்தான் போய் நிற்பீர்கள்.

நடுவில் உள்ள 7 மெகாஹெர்ட்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊருக்கு அதில் ஒரு தனி வசதி இருக்கிறது. முந்நூறு, நானூறு கிலோமீட்டரில் உள்ளவரிடம் பேச அலையை ஏறக்குறைய செங்குத்தாக மேலே அனுப்பி அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்ப வைக்க வேண்டும். எல்லா ஊரிலும் எல்லா நேரத்திலும் 7 மெகாஹெர்ட்ஸ் அப்படித் திரும்பாது. நமக்குக் காந்த நடுக்கோடு பக்கத்திலேயே போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வைத்ததே அந்தக் கோடு அங்கே போவதால்தான். இந்தப் பகுதிக்கு மேலே அயனி அடர்த்தி பகலில் நன்றாக இருப்பதால் பெரும்பாலான நாட்களில் 7 மெகாஹெர்ட்ஸ் மேலே போய்த் திரும்பிவிடும். நடுப்பகலில் கீழடுக்கு உறிஞ்சிக்கொள்வதால் சிக்னல் மெலியும்; காலையிலும் மூன்று நாலு மணிக்கு மேலும் தெளியும். இதற்குத் தோதான ஆன்டெனா, தாழ்வாகப் படுத்திருக்கும் நீண்ட ஒயர். மொட்டை மாடித் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் கட்டினாலே போதும், உயரம் பெரிய விஷயமில்லை. நிமிர்ந்து நிற்கும் குட்டை விப் இந்த வேலைக்கு நேர் எதிர்: கொஞ்சம் நஞ்சம் வெளியே விடும் பவரையும் அடிவானத்தை நோக்கித்தான் அனுப்பும், தலைக்கு மேலே அனுப்பாது. கடைக்காரர் சொல்லாமல் விட்ட இரண்டாவது சங்கதி இது.

145 மெகாஹெர்ட்ஸை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கால் அலை என்பது அங்கே 49 சென்டிமீட்டர். ஒரு சாக்கெட்டில் மேலே ஒரு கம்பி, கீழே சாய்வாக நாலு கம்பி வைத்தால் ஆன்டெனா தயார். கிரில்லுக்கு உள்ளே வைக்காமல், ஒரு பிவிசி பைப்பில் மாட்டி வெளியே ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். கவனிக்க வேண்டியது கேபிள். ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டர் இழுத்தால் 145இல் ஏறக்குறைய 4 டெசிபெல் போய்விடும், அதாவது பவரில் பாதிக்கு மேல். அதே கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபெல்கூடத் தின்னாது. ஆகவே 145 இருக்கும் விஹெச்எஃபுக்குக் கேபிளைக் குட்டையாக வையுங்கள், இல்லாவிட்டால் ஆர்ஜி-213 போன்ற தடித்த கேபிள் போடுங்கள்.

இப்போது உங்கள் கட்டடத்தில் செய்யக்கூடியது. பால்கனி 3 மீட்டர் என்றுதான் நீங்கள் அளந்திருக்கிறீர்கள். நான் அதை உயரத்தில் அளப்பேன். மூன்றாவது மாடித் தரையிலிருந்து மொட்டை மாடி வரை மூன்று தளம், தளத்துக்கு 3 மீட்டர் என்றால் 9 மீட்டர். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உச்சி இன்னும் ஒரு மீட்டர் மேலே. உங்கள் கிரில்லின் மேல்விளிம்பிலிருந்து அந்த உச்சி வரை 9 மீட்டர் வருகிறது. 14 மெகாஹெர்ட்ஸ் அரை அலை 10 மீட்டர். கொஞ்சம் சாய்த்தால் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். ஆக, மெல்லிய, கறுப்பு உறை போட்ட ஒயர் ஒன்று. மேல்முனையில் மீன்பிடி நரம்பு கட்டி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிய ஒரு குச்சியில் முடிச்சு. கீழ்முனை உங்கள் பால்கனிக்கு வெளியே தள்ளி நிறுத்திய பிவிசி பைப்பில். எதையும் நடவில்லை, துளை போடவில்லை, பத்து நிமிடத்தில் சுருட்டிவிடலாம். ஒரு முனையில் கேபிளை இணைத்துப் பவர் கொடுப்பதால் முனையில் ஊட்டும் அரை அலை ஆன்டெனா என்று இதைச் சொல்வார்கள். 14இல் அரை அலை, 28இல் முழு அலை, இரண்டிலும் வேலை செய்யும்.

கூடியவரை சுவரிலிருந்து ஒரு மீட்டராவது ஒயர் விலகி இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள் எவ்வளவு இழுத்துக்கொள்ளும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு கட்டடமும் ஒரு மாதிரி. ஆனால் பத்து சென்டிமீட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரும் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் ஒயரும் ஒன்றல்ல என்பது உறுதி. தள்ளி நிறுத்த மேலேயும் கீழேயும் ஃபைபர் தூண்டில் குச்சி வைத்துக்கொள்ளலாம். கார்பன் குச்சி வேண்டாம், அது மின்சாரம் கடத்தும். நல்ல சவுக்குக் கம்பு கிடைத்தால் அதுவும் சரிதான், மழையில் ஊறினால் மட்டும் முனையில் ஒரு பிவிசி துண்டு இன்சுலேட்டராக வேண்டும்.

ஒரு சிக்கல்: இந்த ஒயர் நாலாவது, ஐந்தாவது மாடிக்காரர்களின் பால்கனிக்கு முன்னால் போகிறது. அவர்களிடம் கேட்காமல் கட்டாதீர்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அரை அலை ஒயரின் இரு முனையிலும் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். 100 வாட் அனுப்பினால் ஊட்டும் முனையிலேயே 500 வோல்ட் பக்கம் வரும். ஐந்தாவது மாடியில் துணி காயப்போட வந்தவர் கையை நீட்டிப் பிடித்தால் சுரீர் என்று சுடும், தோல் வெந்துபோகும். எட்டாத தூரம், உறை போட்ட ஒயர், குறைந்த பவர் மூன்றும் அவசியம். இந்த ஆன்டெனாவில் எஃப்டி8க்கு 10, 20 வாட்டுக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஊட்டும் இடத்தில் 2450 ஓம் அளவில் இருக்கும் தடையை 50க்கு இறக்க 49க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். விலைக்குக் கிடைக்கும், ஆனால் செய்வதே நல்லது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். எஃப்டி240-43 என்ற ஃபெரைட் வளையம், 1.2 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பி. கம்பிக்கு ஹாம் கடை தேட வேண்டாம், மோட்டார் காயில் கட்டும் கடையில் எடை போட்டுத் தருவார்கள். சாக்கெட்டும் பெட்டியும் ரிச்சி தெருவில் கிடைக்கும். முதன்மைச் சுற்று 2, மொத்தச் சுற்று 14. அந்த முதல் இரண்டு சுற்றில் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிச் சுற்ற வேண்டும், பாதிச் சுற்றுகளுக்குப் பிறகு கம்பி வளையத்தின் உள்ளே குறுக்காகப் போய் எதிர்ப்பக்கம் தொடர வேண்டும். சாக்கெட்டுக்குக் குறுக்கே 100 பிக்கோஃபாரட், அதிக வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர். மேல் பேண்டில் மேட்ச் சரியாக வர அது உதவும். எனாமலைச் சுரண்டும்போது நுனி பளபளவென்று செம்பு நிறம் தெரியும் வரை சுரண்டுங்கள்; பாதி சுரண்டிய கம்பியில் ஈயம் உட்கார்ந்ததுபோலத் தெரியும், ஒரு மழைக்குப் பிறகு ஆன்டெனா மாயமாகிவிடும். சாக்கெட்டின் தரை முனையிலிருந்து ஒரு மீட்டர் ஒயர் ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஆன்டெனா மின்னோட்டத்துக்கு ஈடுகொடுக்கும் எதிர்முனை (கவுன்டர்பாய்ஸ்) இதுதான், அது இல்லாமல் எந்த ஆன்டெனாவும் ஓடாது. அதைக் கொடுக்காவிட்டால் கேபிளின் உறையையே அது எதிர்முனையாக எடுத்துக்கொள்ளும், அப்புறம் மைக்கில் உதடு பட்டால் சுடுகிறது, பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் உங்கள் குரல் கொரகொரவென்று கேட்கிறது என்று வரிசையாகப் புகார் வரும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கும்.

ஒயரை 10.5 மீட்டராக வெட்டி ஆரம்பியுங்கள். நானோ வி.என்.ஏ. என்ற சின்ன அளவைக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆன்டெனாவுக்கு முன்பு வாங்க வேண்டியதே அதுதான். ஆன்டெனா பொருந்தும் இடத்தில் திரையின் கோடு பள்ளமாக இறங்கும்; அந்தப் பள்ளம் 13.6இல் விழுந்தால் ஒயரின் நீளம் அதிகம் என்று பொருள். நீளத்தில் ஒரு சதவீதம், அதாவது பத்து சென்டிமீட்டர் குறைத்தால் பள்ளம் 140 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். வெட்டாதீர்கள், நுனியை மடித்து ஒயரோடு ஒயராக முறுக்குங்கள்; நாளைக்கு வீடு மாறினால் அந்த நீளம் மறுபடி வேண்டியிருக்கும். சுவர், கிரில், ஏசி வெளிப்பெட்டி எல்லாம் பள்ளத்தை நகர்த்தும் என்பதால் நான் சொல்லும் நீளத்தைவிடத் திரை சொல்வதையே நம்புங்கள்.

மேற்குப் பார்த்த பால்கனி என்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். சென்னையிலிருந்து ஐரோப்பா வடமேற்கே, ஆப்பிரிக்கா மேற்கிலும் தென்மேற்கிலும். ஜப்பான் வடகிழக்கே, உங்கள் கட்டடமே அதை மறைக்கும். ஆஸ்திரேலியா தென்கிழக்கே, அதையும் கட்டடம் மறைக்கும். மறைக்கும் என்றால் சுத்தமாகக் கேட்காது என்று பொருளில்லை, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 28 மெகாஹெர்ட்ஸை இப்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். 2019 டிசம்பரில் தொடங்கிய சூரியச் சுழற்சி 2024இல் உச்சம் தொட்டுவிட்டது, இனி இறங்குமுகம். சுழற்சியின் அடிவாரத்தில் அந்த பேண்ட் வாரக்கணக்கில் தூங்கும். விழித்திருக்கும்போது 5 வாட்டில் ஐரோப்பா போகும். சின்ன ஆன்டெனாக்காரருக்கு இவ்வளவு கை கொடுக்கும் பேண்ட் வேறு இல்லை.

மேக்னெடிக் லூப்புக்கு வருவோம். அதைப் பற்றிய புகழ்ச்சியில் பாதி உண்மை. ஒரு மீட்டர் விட்டமுள்ள, 22 மில்லிமீட்டர் செம்புக் குழாய் லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 14 மெகாஹெர்ட்ஸில் அதன் கதிர்வீச்சுத் தடை 0.1 ஓம், குழாயின் இழப்பு ஏறக்குறைய 0.045 ஓம். கணக்குப்படி 68 சதவீதம் வெளியே போகிறது, ஒரு மீட்டர் வளையத்துக்கு இது பிரமாதம். அதே லூப்பை 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கதிர்வீச்சுத் தடை 0.006 ஓமாகிவிடும், பலன் 16 சதவீதம். இதுவும் கெப்பாசிட்டரிலும் இணைப்பிலும் இழப்பே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு. மில்லி ஓம் கணக்கில் இருக்கும்போது சரியாகப் பற்ற வைக்காத ஒரே ஒரு இணைப்பு பாதியைச் சாப்பிட்டுவிடும். பக்கத்தில் இரும்பு கிரில் இருந்தால் இன்னும் எவ்வளவு குறையும் என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் பார்த்தவரை கிரில்லுக்கு இணையாக வைப்பதைவிடச் செங்குத்தாக வைத்தால் தேவலை.

லூப்பின் கெப்பாசிட்டர் தனிக்கதை. 14 மெகாஹெர்ட்ஸில் 50 பிக்கோஃபாரட் போதும், ஆனால் 100 வாட் அனுப்பினால் அதன் தட்டுகளுக்கிடையே 5000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழைய வானொலிப் பெட்டியின் கேங் கெப்பாசிட்டரைப் போட்டால் 10 வாட்டிலேயே பொறி பறக்கும். அகல இடைவெளி உள்ள பட்டர்ஃபிளை கெப்பாசிட்டரோ வேக்குவம் கெப்பாசிட்டரோ வேண்டும், விலை அங்கேதான் ஏறுகிறது. அலைவரிசை அகலமும் இருபது கிலோஹெர்ட்ஸ் அளவுதான், டயலை நகர்த்தினால் லூப்பையும் மறுபடி ட்யூன் செய்ய வேண்டும். எஃப்டி8 மாதிரி ஒரே இடத்தில் உட்காருபவருக்கு இது தொல்லையில்லை. பேண்ட் முழுக்க உலாவுபவருக்குப் பொறுமை போய்விடும். அனுப்பும்போது ஆள் ஒன்றிரண்டு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நாலடி அகலப் பால்கனியில் அந்த இடம் இல்லை என்பதால் வீட்டுக்குள் ரிக்கை நகர்த்த வேண்டியிருக்கும்.

லூப்புக்காக ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: அதைத் திருப்பி ஒரு திசையின் இரைச்சலைக் கொல்ல முடியும். இரைச்சல்தான் அடுக்ககத்தில் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எந்த ஆன்டெனாவும் வாங்குவதற்கு முன் ரிக்கை ஒரு பேட்டரியில் ஓட்டி, பால்கனியில் சில மீட்டர் ஒயரைத் தொங்கவிட்டு 7, 14, 28 மூன்றிலும் இரைச்சல் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மீட்டர் எஸ்8லிருந்து எஸ்4க்கு விழுந்தால் எதிரி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் போட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்வான். வழக்கமான குற்றவாளிகள் மலிவான எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், மோடத்தின் அடாப்டர், டேபிள் லேம்ப். விழவில்லை என்றால் அது லிஃப்ட் மோட்டாரோ, பக்கத்து மாடியின் சோலார் இன்வெர்ட்டரோ, தெரு விளக்கோ. அதற்கு உங்களால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். இரவிலும் பகலிலும் வேறுபடும், வேலை நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வேறுபடும். எஸ்9 இரைச்சலில் எந்த ஆன்டெனா வாங்கினாலும் நீங்கள் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது. அந்த நிலையில் நான் ஆன்டெனாவுக்குப் பணம் போடமாட்டேன், ரிக்கைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன்.

உங்கள் சங்கம் தடுத்திருப்பது நிரந்தரமாக நடுவதைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் ஒரு 20 மீட்டர் ஒயரைத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியிலிருந்து எதிர் மூலைக் கொடிக் கம்பம் வரை இழுத்து, பேட்டரியில் ரிக்கை வைத்து, பதினோரு மணிக்குச் சுருட்டிக்கொண்டு இறங்க யாரும் ஆட்சேபம் சொல்லாமல் இருக்கலாம். செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அதே 49க்கு 1 பெட்டி இதற்கும் பயன்படும், எதிர்முனை ஒயரை மட்டும் 2 மீட்டராக்கிக்கொள்ளுங்கள். துணி காயும் கொடிகளுக்கு மேலே, ஆள் தலைக்கு மேலே கட்டினால் தமிழ்நாடு முழுக்கக் காலை நேரத்தில் பேசலாம். பால்கனியில் எவ்வளவு செலவு செய்தாலும் இந்த ஒயருக்கு ஈடான 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா கிடைக்காது. அதனால்தான் பால்கனிக்கு 14ம் 28ம், மொட்டை மாடிக்கு 7 என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மேற்குப் பால்கனிக்காரர் என்பதால் ஒரு உபரித் தகவல். 2018 நவம்பரில் ஏவிய கத்தார் நாட்டின் செயற்கைக்கோள் ஒன்றில் ஹாம்களின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது, கியூஓ-100 என்பார்கள். 25.9 டிகிரி கிழக்கில் அசையாமல் நிற்பதால் சென்னையிலிருந்து பார்க்க ஏறக்குறைய நேர் மேற்கே, அடிவானத்திலிருந்து 27 டிகிரி உயரத்தில் இருக்கும். எதிரே உயரமான கட்டடம் இல்லாவிட்டால், ஒரு சாதாரண டிடிஹெச் தட்டு, தட்டின் முனையில் பொருத்தும் யுனிவர்சல் எல்என்பி, கணினியில் செருகும் மலிவான எஸ்டிஆர் (மென்பொருள் வழி வானொலி) மூன்றும் இருந்தால் 10489.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் பேசிக்கொள்வதை இரைச்சலே இல்லாமல் கேட்கலாம். கேட்க மட்டும்தான் சொல்கிறேன். தட்டைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது கூடுதல் வசதி.

பாதுகாப்பில் தயவுதாட்சண்யம் வேண்டாம். ஒயர் அறுந்து விழுந்தாலும் ஈ.பி. லைனைத் தொடாத இடத்தில்தான் கட்ட வேண்டும். தெருப்பக்கம் லைன் போகிறது என்றால் அந்தப் பக்கம் கட்டவே கூடாது, விதிவிலக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி பால்கனிக்கு வெளியே போட்டுவிடுங்கள், வீட்டுக்குள் கொண்டுவந்து மூலையில் வைப்பதில் பயனில்லை. மின்னல் தடுக்கும் அரெஸ்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள். நேராக விழும் இடியை அது நிறுத்தாது, நல்ல எர்த் இல்லாமல் சின்னதையும் நிறுத்தாது, மூன்றாவது மாடியில் நல்ல எர்த் கிடைப்பது அரிது. கடற்காற்று வேறு இருக்கிறது. இணைப்புகளைத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றி மூடாவிட்டால் ஒரே வருடத்தில் கேபிளின் பின்னல் பச்சை பூத்துவிடும். நைலான் கயிறும் வெயிலில் பொடியாகும், கோடை முடிந்ததும் இழுத்துப் பாருங்கள்.

ட்யூனர் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த 10 மீட்டர் ஒயருக்கு 14லும் 28லும் தேவைப்படாது. 21இல் அது முக்கால் அலையாகிவிடுவதால் ஊட்டும் இடத்தில் தடை கீழே போய்விடும், 49க்கு 1 பெட்டி அங்கே பொருந்தாது. ரிக்குக்குள் இருக்கும் ட்யூனர் அதைச் சமாளிக்கத் திணறும்; சமாளித்தாலும் இழப்பு பெட்டிக்குள்ளேயே நடக்கும். 21 வேண்டுமானால் தூண்டில் குச்சியில் 3.4 மீட்டர் ஒயர் ஒன்றைக் கால் அலையாகக் கட்டி, அதே நீளத்தில் இரண்டு எதிர்முனை ஒயரைக் கிரில்லுக்கு வெளியே தொங்கவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராகக் கேபிளில் இணையுங்கள். ட்யூனருக்கு ஒதுக்கிய பணத்தில் நானோ வி.என்.ஏ.வும் நல்ல கேபிளும் வந்துவிடும்.